காட்டில் ஓர் இரவு: குடும்பத்தோடு கூடாரமிடுவோர் அறிய வேண்டியவை

பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்வதாக அமைந்த நூல் இது. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். அரசனின் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். மலைக்காட்டைக் கடந்து போகிறவன் எப்படி உயிரோடு போய்ச் சேர்வது என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்லும் வேறொரு பழந்தமிழ் நூலை நான் அறியேன். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், ஆகவே இருட்டில் போகாதே, விடிந்த பின் போ என்கிறார் புலவர். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் வரும், மரத்தை மறைவாகக் கொண்டு நட என்கிறார். பாம்பு கிடக்கும் இடத்தைப் பார்த்துப் போகச் சொல்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலங்கோடு மல்லுக்கு நில் என்றோ, கண்டு நடுங்கு என்றோ அவர் சொல்லவில்லை. நேரத்தையும் இடத்தையும் பார்த்து நடந்துகொள் என்பதே அவர் அறிவுரையின் சாரம். இன்று பெங்களூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு கூடாரம் தூக்கிக்கொண்டு போகும் நம்மவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவேதான்.

ஏன் இதை எழுதுகிறேன்

நான் குடியிருப்பது காக்ஸ் டவுனில். முப்பது ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது காவிரிக் கரைக் காடுகளுக்குப் போய் வருகிறவன் என்பதால், கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறை நெருங்கினாலே அக்கம்பக்கத்தார் வந்து விடுவார்கள். "சார், டெண்ட் போட நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்க, பசங்க ஒரே அடம்" என்பார்கள். பசங்களின் கேள்வி வேறு மாதிரி. "அங்கிள், கரடி வந்தா செத்த மாதிரி படுத்துக்கணுமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பாடப்புத்தகத்தில் வரும் இரு நண்பர்கள் கதை பாதி, தொலைக்காட்சி பாதி.

தொலைக்காட்சியைக் குறை சொல்வதற்கில்லை. 2020 ஜனவரியில் நம் ரஜினிகாந்தே பேர் கிரில்ஸோடு பந்திப்பூர்க் காட்டில் நடந்தார். அதை மார்ச் மாதம் ஒளிபரப்பினார்கள். ஆனால் அப்படிப்பட்ட படப்பிடிப்பு முறையான அனுமதியோடு, வனத்துறையாரின் கண்பார்வையில் நடப்பது. நாம் போவது அப்படி அல்ல. மேலும், கூடாரம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே முதல் கவலை கரடி. உணவை மூட்டை கட்டி மரக்கிளையில் தொங்கவிடச் சொல்வார்கள். நம் காட்டில் அப்படித் தொங்கவிட்டால் யானைக்குப் பரிமாறியது போல ஆகும். நாலைந்து மீட்டர் உயரம் அதன் துதிக்கைக்கு ஒரு பொருட்டே இல்லை. நம் காட்டில் இரவு தங்குபவர் முதலில் நினைக்க வேண்டியது யானையை, அடுத்தது பாம்பை. புலி, சிறுத்தை, கரடி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்மைச் சுற்றியுள்ள காடு

பெங்களூர்வாசிகளில் பலருக்குக் காடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. நகரின் தெற்கு விளிம்பிலேயே 1974-இல் அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் தெற்கே காவிரி வனவிலங்கு சரணாலயம். இது 1987-இல் அமைந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், காவிரி வடக்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. மேற்கே மாதேஸ்வரன் மலை, பிளிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று தொடர்ந்து போகிறது. வரைபடத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கலாம். யானைக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே வீடு. 2025-இல் வெளியான, மரபணு அடிப்படையிலான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 22,446 யானைகள். அவற்றில் 6,013 கர்நாடகத்தில். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழை தின்னும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஆகவே அது ஓரிடத்தில் நிற்க முடியாது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில், கேழ்வரகு கதிர் முற்றும் சமயம், பன்னேர்கட்டா பக்கத்து யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்க்கம், சானமாவு என்று ஓசூர் வரை வந்து, சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பும். வெயில் ஏற ஏற, உட்காட்டுக் குட்டைகள் வற்றும். விலங்குகள் ஆற்றங்கரைக்கு இறங்கும்.

இப்போது நம் நாட்காட்டியைப் பாருங்கள். நாம் கூடாரம் போடுவது எப்போது? மழை இல்லாத டிசம்பர் முதல் மே வரை. எங்கே? தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும் ஆற்றங்கரையில், அல்லது காட்டோரத்துத் தோட்டத்தில். அதாவது யானை வரும் மாதத்தில், யானை வரும் இடத்தில். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வனக் காவலர் இதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: "ஆன நம்மளத் தேடிக்கினு வராது சார். நாமதான் அது வழியில போயி படுத்துக்கினு கீறோம்."

மேப்பாடியில் நடந்தது

2021 ஜனவரி 23 அன்று, வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே எலம்பிலேரியில், காட்டை ஒட்டிய ஒரு சுற்றுலா விடுதியின் கூடாரத்தில் தங்க வந்த இளம்பெண் ஒருவரை முன்னிரவில் யானை தாக்கிக் கொன்றது. அவர் தனியாக எங்கோ அடர்காட்டுக்குள் போனவர் அல்லர். பணம் கட்டி, கூட்டத்தோடு வந்து தங்கியவர். அங்கே கூடாரம் போட முறையான அனுமதி இல்லை என்று பின்னர் கூறி அதிகாரிகள் விடுதியை மூடினார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, பணம் கட்டிய இடம் என்பதாலேயே அது பாதுகாப்பான இடமாகிவிடாது. இரண்டு, ஆபத்து நள்ளிரவில்தான் வரும் என்பதில்லை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை காடு விலங்குகளுடையது. அந்த நேரத்தில் கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் இடையே உள்ள முப்பது அடிகூடக் காடுதான்.

எங்கே கூடாரமிடுவது

முதல் விதி: வனத்துறை அனுமதித்த முகாம் தவிர வேறெங்கும் இரவு தங்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. 30-ஆம் பிரிவு அங்கே தீ மூட்டுவதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் அரசே நாற்பது மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. கர்நாடகத்திலும் மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவு வந்துவிட்டது. தனியார் இடமானால், "பர்மிஷன் இருக்கா? காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கல்யாண மண்டபத்துக்குக் கேட்கிற கேள்விகளில் பாதியாவது இதற்குக் கேட்க வேண்டாமா?

இரண்டாவது, போய்ச் சேர்வது பிற்பகல் மூன்று மணிக்குள் இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே தரையைப் படிக்க வேண்டும். முறம் போல வட்டமான தடம் தெரிந்தால் யானை. முன்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்கு. இலத்தி ஈரமாக, பச்சை வாசனையோடு இருந்தால் அது இன்றையது. மரப்பட்டையில் ஆளுயரத்துக்கு மேல் சேறு அப்பியிருந்தால் அங்கே யானை உடம்பு தேய்த்துக்கொள்கிறது என்று பொருள். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அங்கே படுக்கை விரிக்க வேண்டாம்.

வற்றிய ஓடை மணல் மெத்தென்று இருக்கும்; ஆனால் அது விலங்குகளின் நெடுஞ்சாலை. கரை சரிந்து தண்ணீருக்கு இறங்கும் துறை, மூங்கில் புதர், பழம் பழுத்த பலா, விளா, அத்தி மரத்தடி, கதிர் முற்றிய கேழ்வரகு வயலின் ஓரம் ஆகியவையும் ஆகாதவை. காவிரியில் முதலைகளும் உண்டு. கரையோரம் உட்கார்ந்து பாத்திரம் கழுவுவதும், பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் வேண்டாம். மொட்டைப் பாறைகளின் அடியில் தங்கப் பலருக்கு ஆசை. ராமநகரம் போன்ற பாறைக் குன்றுகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு, பாறையில் பெரிய மலைத்தேன் கூடும் உண்டு. கீழே புகை போட்டால் தேனீ கிளம்பிவிடும். கொட்டினால், முகத்தை மூடிக்கொண்டு நிற்காமல் ஓடி, கார் அல்லது அறைக்குள் புகுந்து கதவை அடைக்க வேண்டும்.

சமையலும் வாசனையும்

யானைக்கு மூக்குத்தான் கண். கூடாரத்துக்குள் வாழைப்பழம், வெல்லம், உப்பு, அரிசி, சாராய வகை எதையும் வைக்கக் கூடாது. ஒரு துணியால் தைத்த சுவர் யானையைத் தடுக்கும் என்று எண்ணுவது பேதைமை. சமைக்கும் இடம் படுக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். உணவுப் பொருளை முகாமின் கட்டட அறையில் வையுங்கள். அது இல்லையேல், இறுக மூடிய டப்பாவில் போட்டு, கூடாரங்களுக்குத் தொலைவில் நிறுத்திய வண்டியில் பூட்டி வையுங்கள். இரவுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பொழுதோடு சாப்பிட்டு முடிப்பது எல்லாவற்றையும்விட உத்தமம். நம் பாட்டிமார்களின் புளியோதரைக்கு அடுப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

நெருப்பு இருந்தால் விலங்கு வராது என்பது பாதி உண்மைகூட இல்லை. நெருப்புக்குப் பழகிய யானைகள் உண்டு. கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி காட்டிற்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து அந்த மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நாயைக் கூட்டிப்போகவே கூடாது. சிறுத்தைக்கு நாய் விருப்ப உணவு.

இருட்டிய பிறகு

இருட்டிய பின் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் இருவராகப் போக வேண்டும். சிறுவர்கள் கூடாரத்தின் நடுவில் படுக்க வேண்டும். இந்த மூன்றையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டு விரியனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரின் பாய்க்குள் நுழைந்து கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. கடிபட்டவர் ஏதோ பூச்சி என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல். ஆகவே கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடுங்கள். முடிந்தால் கட்டிலில் படுங்கள். கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டுங்கள். தேளுக்கு அது பிடித்த அறை.

பாம்புக்கடியால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2024 பிப்ரவரியில் கர்நாடகமும், அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடும் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக்கின. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதற்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்களில் முதன்மையானவர்கள், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் என்பது தமிழர்க்குப் பெருமை.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, பச்சிலை தேடி நேரம் போக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் கட்டை வைத்து, கடிபட்ட கையோ காலோ அசையாமல் செய்யுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. விஷமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் காட்டில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சிவமொக்கா, உத்தர கன்னடா, சிக்கமகளூர், வயநாடு போகிறவர்களுக்கு ஒரு சொல். 1957-இல் கியாசனூர்க் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உண்ணி கடிப்பதால் வருவது. முழுக்கைச் சட்டையும் நீளக் காலுறையும் அணியுங்கள். மாலையில் உடம்பைச் சோதியுங்கள். இறந்த குரங்கின் பக்கம் போகாதீர்கள். குரங்கோ வேறு விலங்கோ கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

நேருக்கு நேர் வந்துவிட்டால்

*யானை:* காதை விரித்து நிறுத்துவதும், வாலைத் தூக்குவதும், தலையை ஆட்டி மண்ணை உதைப்பதும் "கிட்ட வராதே" என்னும் எச்சரிக்கை. கத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள், கேமரா வெளிச்சம் அடிக்காதீர்கள். மெல்லப் பின்வாங்கி, காற்று உங்கள் வாசனையை அதனிடம் கொண்டுசேர்க்காத பக்கமாக விலகுங்கள். துரத்தினால் பெரிய மரம், பாறை, பள்ளம் ஏதாவது ஒன்றை இடையில் வையுங்கள். நேர் ஓட்டத்தில் யானையை மனிதன் வெல்ல முடியாது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையின் அருகே படமெடுக்கப் போன ஒருவரை அது துரத்தி வீழ்த்தியது. உயிர் தப்பினார், வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது.

*சிறுத்தை, புலி:* ஓடக் கூடாது, குனியக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கண்ணை அகற்றாமல், கையை உயர்த்திப் பெரிதாகத் தெரியும்படி நின்று, உரத்துப் பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும்.

*கரடி:* நம் கரடிக்குப் பார்வை மட்டம். புற்று தோண்டும் மும்முரத்தில் நாம் வருவதே அதற்குத் தெரியாது. கிட்டே போனதும் பதறிப் பாயும். ஆகவே பேசிக்கொண்டே நடப்பதுதான் காப்பு. அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன பதில்: "செத்த மாதிரி படுக்கறது கடைசி வழிம்மா. மேல பாஞ்சிடுச்சுன்னா மட்டும், குப்புறப் படுத்துக் கையக் கோத்துக் கழுத்த மூடிக்கணும். அதுக்கு முன்னாடி, சத்தமாப் பேசிக்கிட்டே நடந்தா அதுவே வெலகிப் போயிடும்."

நாம் திரும்பிய பிறகு

இவ்வளவும் நம் உயிருக்காகச் சொன்னவை. இன்னொரு கணக்கும் உண்டு. மேப்பாடியில் அந்தப் பெண் இறந்த அதே 2021 ஜனவரியில், முதுமலையை ஒட்டிய மசினகுடியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை செத்துப்போயிற்று. மனிதன் தங்கக் கூடாத இடத்தில் தங்கினால் ஒரு சமயம் மனிதன் சாகிறான், ஒரு சமயம் யானை சாகிறது.

நாம் வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு மாலை காக்ஸ் டவுனுக்கோ அல்சூருக்கோ திரும்பிவிடுகிறோம். மிச்சச் சோற்றைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தோமானால், அதைத் தின்று ருசி கண்ட யானை அடுத்த இரவு தேடிப் போவது நம் வீட்டை அல்ல. ஜவளகிரியிலோ முத்தத்தியிலோ ஓட்டு வீட்டில் கேழ்வரகு மூட்டையோடு படுத்திருக்கும் குடியானவர் வீட்டைத்தான் அது தேடும். அவர் எங்கும் கிளம்பிப் போக முடியாது. ஆகவே கொண்டுபோனதில் எச்சில் இலை வரை எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு பெரிய பையை அதற்கென்றே எடுத்துச் செல்லுங்கள்.